தைலம் கலந்த மேகம்

என் மகள் இப்போது ஒழுங்காக மூச்சு விடுகிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் கடைசி வரி வரை படிப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். மருத்துவமனையில் இருந்தபோது அப்படிப்பட்ட பதிவுகளைத்தான் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். இதைப் படிப்பவர்களில் யாரோ ஒருவர், வீட்டு விசேஷத்துக்குப் புகை மெஷின் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். அவருக்காக எழுதுகிறேன்.

மகிழினியின் மூன்றாவது பிறந்தநாளை திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு ஹாலில் கொண்டாடினோம். ஹால் என்பது பெருமைக்குச் சொல்வது. ஒரு சோபாவும் டிவியும் போட்டது போக மிச்சம் இருப்பது நடைபாதை. அதற்குள் பலூன் வளைவு, கேக் மேசை, வீடியோ எடுப்பவர், அவர் விளக்கு, அதோடு தெருவில் பாதிப் பேர். ஏசி குளிர் வெளியே போகக்கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். அவ்வளவு பேர் விடும் மூச்சுக்கே அந்த அறை போதாது. அதற்கு மேல்தான் மேகம் வந்தது.

மேகத்தைக் கொண்டுவந்தவர் என் நாத்தனார் கவிதாவின் கணவர். எங்கள் வீட்டு மாப்பிள்ளை. வத்தலக்குண்டு ரோட்டில் மனை பிரித்து விற்கிறார். ஒரு மனைத் திறப்பு விழாவுக்காக வாங்கிய மெஷின் கார் டிக்கியிலேயே கிடந்தது. காய்ந்த நிலத்தில் நின்று புகைவிட்டு மனை விற்கிற புத்தி, பிள்ளையின் பிறந்தநாளிலும் அதையே செய்யச் சொன்னது.

"தங்கச்சி, இப்பல்லாம் பிள்ளைய சும்மா கூட்டியாந்து கேக் வெட்டுனா மதிப்பில்ல. மேகத்துக்குள்ள இருந்து நடந்து வரணும். கிளவுட் என்ட்ரின்னு பேரு" என்றார்.

"அண்ணே, அவளுக்குப் பனி நேரத்துல இளைப்பு வரும்" என்றேன்.

"இளைப்புக்கும் இதுக்கும் என்ன இருக்கு? இது வெறும் தண்ணிப் புகை."

என் மாமியார் உடனே அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். "பொறந்ததுல இருந்து புகை போட்டு வளத்த பிள்ளதான சுதா. இந்தப் புகை என்னத்தச் செஞ்சிறப் போகுது?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் இந்தப் பேச்சின் கனம் புரியும். தலைக்கு ஊற்றிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதைப் 'புகை போடுவது' என்போம். முடி காய, சளி பிடிக்காமல் இருக்க, கண்ணேறு படாமல் இருக்க என்று எல்லாவற்றுக்கும் புகைதான். எங்கள் வீட்டில் அது கெட்ட சொல்லே இல்லை. பீடிப் புகை கெட்டது, பஸ் புகை கெட்டது. பிள்ளைக்குப் போடும் புகை மட்டும் மருந்து. நான் வேதியியல் பட்டம் வாங்கியவள். அன்று அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் என் பட்டம் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை யோசிக்கிறேன். திறந்தால் மட்டும் யார் கேட்டிருப்பார்கள் என்றும் யோசிக்கிறேன்.

வெள்ளைக் கவுன் போட்டு, முதுகில் அட்டைச் சிறகு கட்டி, மகியைப் புகைக்குள் நடக்கவிட்டோம். இருமிக்கொண்டே வந்தாள். வீடியோக்காரர் தலையை ஆட்டினார். "பாப்பா சிரிக்கல சார். இன்னொரு தடவ வரச் சொல்லுங்க." மறுபடியும் நடந்தாள். "இப்ப கேமராவப் பாக்கல சார்." மறுபடியும். யாரோ கைதட்டினார்கள். சளி பிடித்தவர் பக்கத்தில் நிற்பதுபோல் லேசாக ஒரு தைல வாசனை வந்தது. கூட்டத்தில் யாருக்கோ தடுமன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அவள் மூச்சில் விசில் கேட்டது. இதை டாக்டர்கள் வீசிங் என்கிறார்கள். மூச்சுக்குழல் சுருங்கிப்போவதால், காற்று அந்தக் குறுகிய வழியில் சத்தத்தோடு போய்வரும். சத்தத்தைவிட நம்மைப் பயமுறுத்த வேண்டியது வேறு ஒன்று: ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே குழிந்து போகும். சட்டையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். தூக்கிப் பார்த்தேன். என் கணவர் செந்தில் பைக்கை எடுத்தார்.

குழந்தைகள் மருத்துவமனையின் காத்திருக்கும் அறையில் எல்லாக் குழந்தைகளும் அழுதுகொண்டிருந்தார்கள். மகி மட்டும் அழவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டும். அதைப் பார்த்துவிட்டு நர்ஸ் எங்களை வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே கூட்டிப்போனார். விரலில் கிளிப் போன்ற ஒன்றை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். சாச்சுரேஷன் என்று பெயர். அதில் தெரிந்த எண்ணை டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தார்.

"வீட்ல கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் உண்டா?" என்று கேட்டார்.

"நேத்து பெறந்தநாளுக்கு ஸ்மோக் மெஷின் வச்சாங்க டாக்டர்" என்றேன்.

"அதுல என்ன ஊத்துனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் சொன்னார். "சும்மா தண்ணிப் புகை டாக்டரம்மா. கடையில விக்கிற மருந்துதான்."

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி பஞ்சு அப்பியதுபோல் வெளுத்திருந்தது. நிமோனியா, அதாவது நுரையீரல் வீங்கி நீர் கோத்துக்கொள்வது என்றார்கள். கிருமியால் வந்திருக்கும் என்று அதற்கான ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். அட்மிஷன் போட்டார்கள்.

முதல் போர் நெபுலைசரோடு. மருந்தைப் பனிபோலச் சின்னத் துளிகளாக்கி, மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் வழியாக உள்ளே அனுப்பும் கருவி அது. பட்டனைத் தட்டியதும் மாஸ்க்கில் இருந்து வெள்ளையாகப் புகை வந்தது. மகி இரண்டு கையாலும் அதைத் தள்ளினாள்.

"மேகம் வேணாம்மா. மேகம் வேணாம்."

நர்ஸ் அவள் தலையைப் பிடித்தார். செந்தில் கையைப் பிடித்தார். பிடிக்கப் பிடிக்கத் திமிறினாள், திமிறத் திமிற மூச்சு இழுத்தது. இது மேகம் இல்லை என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குக் கண் இருக்கிறது.

"மகி, இதும் புகைதான். ஆனா டாக்டர் ஆன்ட்டி செஞ்ச புகை. மாமா செய்யல."

அவள் கொஞ்சம் நிதானித்தாள். "மாமா செய்யலயா?"

"இல்ல தங்கம். மாமாவ இந்தப் பக்கமே விடல."

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள். மனை விற்பனை உலகில் அவருக்கு எவ்வளவு மதிப்போ தெரியாது. மூன்று வயதுக் குழந்தையிடம் அவர் மதிப்பு அவ்வளவுதான்.

பார்வையாளர் நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நோயாளிக்கு ஆறுதல் என்று நினைத்து வைத்திருப்பார்கள். வந்தவர்களில் ஒருவர் கண் பட்டுவிட்டது என்றார். இன்னொருவர், பிறந்தநாள் வீடியோவில் மேகம் நன்றாக வந்திருந்ததாகப் பாராட்டிவிட்டு, வாடகை எவ்வளவு என்று செந்திலிடம் விசாரித்தார். மாப்பிள்ளை ஆரஞ்சு வாங்கிவந்தார். உரித்துப் பேசிக்கொண்டே அவரே தின்றார். பிறகு கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாரு தங்கச்சி. நம்ம பாப்பா வீடியோவ எம்புட்டுப் பேரு பாத்துருக்காங்கன்னு."

திரையில் என் மகள் இருமிக்கொண்டு நடந்துவந்தாள். இருமல் கேட்காமலிருக்க மேலே பாட்டு சேர்த்திருந்தார்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் காய்கறி போட்டிருக்கும் என் அப்பாவும் வந்தார். அறைக்குள் வரவில்லை. வராண்டா ஜன்னலுக்கு வெளியே நின்று கஞ்சித் தூக்கை நீட்டினார். "உள்ள வாங்கப்பா" என்றேன்.

"சட்டையில பீடி வாட இருக்கும்மா. நான் இங்கனயே நின்னுக்கிறேன். நீ பிள்ளைய மட்டும் இந்தப் பக்கமாத் திருப்பிக் காட்டு."

திருப்பிக் காட்டினேன். கையை ஆட்டினார். அவருக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியாது. அவ்வளவு கூட்டத்தில் பிள்ளையின் மூச்சை மனதில் வைத்து வந்த ஒரே ஆள் அவர்தான்.

மகி தேறுவதும் சரிவதுமாக இருந்தாள். காலையில் எண் ஏறும், இரண்டு வாய் கஞ்சி குடிப்பாள், பொம்மையை அதட்டுவாள். பார்வையாளர் நேரம் முடிந்தபின் மறுபடி இழுப்பு. மருந்தை மாற்றினார்கள், அப்படியும் அதேதான். நான் என்னையே சந்தேகப்பட்டேன். கஞ்சி சூடாக இருந்ததா, போர்வையில் தூசியா, என்னிடமிருந்தே ஏதாவது தொற்றா என்று. தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன், பவுடர் போடுவதை நிறுத்தினேன். டாக்டரம்மா செந்திலைத் தனியாக அழைத்தார். இன்றைக்கும் எண் இப்படியே இறங்கினால் மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அங்கே மூச்சுக்கு மெஷின் வைக்கும் வசதி இருக்கிறது என்றார். செந்தில் என்னிடம் வந்து சொன்னபோது மெஷின் என்ற சொல்லில் மட்டும் தடுமாறினார்.

அன்று மத்தியானம் நான் பால் வாங்கப் போய்த் திரும்பியபோது, மாமியார் மகியின் சட்டையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். குனிந்து மகியைத் தூக்கினேன். நெஞ்சிலிருந்து நீலகிரித் தைலம் குப்பென்று அடித்தது. இத்தனை நாளும் வார்டின் மருந்து நெடியில் அது எனக்குப் பிரிந்து தெரியவில்லை. அந்த வாசனையை நான் பிறந்தநாள் அன்றும் முகர்ந்திருக்கிறேன்.

"அத்தை, தைலம் தேச்சீங்களா?"

"நாலு சொட்டுத்தான். நெஞ்சுச் சளி இளகட்டும்னு."

"தினமுமா?"

"வர்றப்பல்லாம் கொஞ்சூண்டு தேச்சு விடுவேன். அதுக்கு ஏன் இப்புடி முழிக்கிற? அன்னைக்கு மெஷின்ல அரைப் பாட்டில ஊத்துனப்பவே ஒன்னும் ஆகல, இந்த நாலு சொட்டு என்ன செஞ்சிறப் போகுது?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. முந்தானையை எடுத்து வாயைத் துடைத்தார்.

மெதுவாகக் கேட்டேன். மெதுவாகத்தான் வந்தது. பிறந்தநாள் அன்று மாப்பிள்ளை மெஷினை முன்கூட்டியே போட்டுப் போட்டுப் பார்த்ததில், அதற்கென்று விற்கும் திரவம் தீர்ந்துபோனது. மெடிக்கலில் கிளிசரின் வாங்கித் தண்ணீரோடு கலந்தார். அது வெறும் புகையாக வேண்டாம், பிள்ளைக்கு இளைப்பு இருக்கிறது, மருந்துப் புகையாகவே போகட்டும் என்று சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த தைலத்தை ஊற்றினார். என் மாமியார்தான் எடுத்துக் கொடுத்தார். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நல்ல எண்ணத்தைக் கொதிக்கவைத்துக் குழந்தையின் நுரையீரலுக்குள் ஊதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"டாக்டர் கேட்டப்ப ஏன் அத்தை சொல்லல?"

"என்ன பேசுற நீ? மாப்பிள்ள பேரு ஆஸ்பத்திரி வரைக்கும் வரணுமா? நாளைக்கு அவரு மனசு கோணுச்சுன்னா கவிதாவுக்கு யாரு பதில் சொல்றது?"

எங்கள் வீட்டில் இது எழுதப்படாத சட்டம். பெண்ணைக் கொடுத்த இடத்தில் மாப்பிள்ளை மேல் குற்றம் இருக்கவே முடியாது. குழம்பில் உப்புக் கூடினால் நம் கை, அவர் வண்டி பள்ளத்தில் இறங்கினால் ரோடு. அவர் கலந்த தைலத்தால் பிள்ளைக்கு மூச்சு நின்றால் அது கண்ணேறு. பிள்ளையை மதுரைக்கு அனுப்பத் தயாராக இருந்தார்கள். ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் சொல்லத் தயாராக இல்லை. இதற்குப் பெயர் மரியாதையாம்.

டாக்டரம்மா சுற்றுக்கு வந்தபோது மாப்பிள்ளையும் வந்துவிட்டார், கையில் மறுபடி ஆரஞ்சோடு. இவர்களோடுதான் நான் நாளைக்கும் வாழவேண்டும் என்பது ஒரு பக்கம். மகியின் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே போய் வருவது மறுபக்கம்.

"டாக்டர், அந்த மெஷின்ல கடைத் திரவம் ஊத்தல. கிளிசரினும் நீலகிரித் தைலமும் கலந்து ஊத்தியிருக்காங்க. இங்க வந்த பிறகும் தினம் நெஞ்சுல தைலம் தேச்சிருக்காங்க. இப்பத்தான் எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "யாரு ஊத்துனது?"

"இவருதான்" என்று கையைக் காட்டினேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "மூலிகைதான மேடம். நேச்சுரல்."

"அரளிக்கொட்டையும் நேச்சுரல்தான் சார்" என்றார் டாக்டரம்மா. "எண்ணெயச் சூடுபண்ணி ஆவியாக்கி ஊதுனா அது நுரையீரல்ல போயிப் படியும். அந்த இடம் வீங்கிப்போகும். கிருமியே இல்லாம வர்ற நிமோனியா இது. நான் கிருமிக்கு மருந்து குடுத்துக்கிட்டு இருக்கேன், நீங்க தினம் மேல மேல தைலம் தேச்சுக்கிட்டு இருக்கீங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு அந்த நெடியே மூச்சுக்குழலச் சுருக்கும். மொத நாளே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

நர்ஸ் வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து மகியின் நெஞ்சைத் துடைத்தார். சட்டை, போர்வை எல்லாம் மாறின. வீக்கத்தைக் குறைக்கும் மருந்து தொடங்கியது. என்னையும் செந்திலையும் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்த மருத்துவமனையில் எழுதித் தந்ததிலேயே மிக நல்ல மருந்து அதுதான்.

மாப்பிள்ளை வராண்டாவில் நின்று, எனக்குக் கேட்கவேண்டும் என்றே செந்திலிடம் பேசினார். "படிச்ச திமிரு செந்திலு. நாலு பேரு முன்னாடி கைய நீட்டுது. நாங்க என்ன வெசத்தையா வச்சோம்?" செந்தில் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் வெகுநேரம் வெறுத்தேன். பிறகு அவர் உள்ளே வந்து, கழுவிய கையை மறுபடி கழுவிவிட்டு, மகியின் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கை மரத்துப்போனபோதும் என்னிடம் கொடுக்கவில்லை.

மறுநாள் எண் ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்றது. மதுரைப் பேச்சு அடங்கியது. மகி பொம்மைக்கு விரல் கிளிப் மாட்டி, "உனக்கு நெறைய இருக்கு, அழுவாத" என்று சொன்ன அன்று, நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பில்லைப் பற்றிக் கேட்பார்கள். கட்டினோம். அதில் மாப்பிள்ளை பங்கு ஆரஞ்சு.

டாக்டரம்மாவிடம் கேட்டும், மெஷினோடு வந்த, யாரும் பிரிக்காத குறிப்புத்தாளைப் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். புகை வேண்டியே தீரும் என்றால் அந்த மெஷினுக்கென்று விற்கும், தண்ணீரில் கரைந்த திரவத்தை மட்டும் ஊற்றுங்கள். தைலம், பன்னீர், சென்ட், கற்பூரம் எதுவும் கூடாது. கைப்பக்குவம் காட்டும் இடம் அடுப்படி. ஜன்னல் கதவு திறந்திருக்கவேண்டும்; திறந்தால் புகை நிற்காதே என்பவர்களுக்கு, நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் திறப்பது. தொடர்ந்து விடாமல் ஒரு ஊது ஊதி நிறுத்துங்கள். மெஷினின் வாய் கொதிக்கும், பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. தரையில் படியும் ஈரம் வழுக்கும். இளைப்பு உள்ளவர்கள், கைக்குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள். மீறி யாராவது மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனால், உள்ளே என்ன ஊற்றினோம் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மாப்பிள்ளை ஊற்றியிருந்தாலும் சொல்லுங்கள்.

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது புது எக்ஸ்ரேயில் அந்தப் பஞ்சு இல்லை. டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னார். காய்ந்த இலையில் காற்று போவதுபோல் மெல்லிய சத்தம். விசில் இல்லை. போதும் என்று அவர் வாங்கிக்கொள்ளும்வரை கேட்டேன்.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது செந்திலின் கைப்பேசி அடித்தது. மாப்பிள்ளை. அவ்வளவு நாள் பேசாதவர் கூப்பிடுகிறார். மகி செந்திலின் இடுப்பில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"செந்திலு, எங்க பயலுக்குக் காது குத்து வச்சிருக்கோம். மண்டபம் பேசியாச்சு. நீதான் தாய்மாமன், ஒன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். பழச மனசுல வச்சுக்காத."

"மெஷின் வச்சிருக்கீங்களா மச்சான்?"

"பின்ன? மண்டபத்துல அது இல்லாமயா? இந்தத் தடவ ஒரிஜினல் லிக்விட்தான், பயப்படாத."

"அப்ப நாங்க வரல."

"ஏலே, தாய்மாமன் மடி இல்லாம எப்படிரா குத்துறது?"

செந்தில் மகியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார். "அந்த மெஷின் மடியிலயே உக்கார வச்சுக் குத்திக்கங்க மச்சான்."

துண்டித்துவிட்டார். மகியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பைக்கைக் கிளப்பினார்.

சாயங்காலம் கவிதா அழைத்தாள். என்னிடம் பேசவில்லை, அண்ணனிடம் மட்டும் சொன்னாளாம்: மெஷின் மண்டபத்துக்கு வராது. ஆகவே போகிறோம். மடி செந்திலுடையது, அவர் மேடையில் இருக்கட்டும். நான் மகியோடு வாசல் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். எழுந்து வெளியே போக யாருடைய அனுமதியும் வேண்டியிருக்காது.